வெள்ளாட்டு டீச்சர்

வா தாயி, டீச்சரம்மா. பையை அங்கிட்டு வச்சுட்டு இப்படித் திண்ணையில உக்காரு. நானும் இப்பத்தான் எட்டயபுரம் சந்தையில இருந்து வந்தேன். சனிக்கிழமைச் சந்தைக்கு விடியுமுன்ன போகாட்டா யாவாரம் ஆகாது. ரெண்டு கிடா கொண்டு போனேன். ஒண்ணு வித்துச்சு, இன்னொண்ணு என்கூடவே திரும்பி வந்துருச்சு. அந்தா, வேப்பமரத்தடியில கயித்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறாரு பாரு. கேட்ட விலைக்குக் கொடுத்திருந்தா அவருக்கே மனசு ஆறாது.

முகம் ஏன் வாடிக் கிடக்கு? பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தியா? இல்ல, அந்த மூணாப்புப் பய திரும்பவும் கணக்கைத் தப்பாப் போட்டானா? நீ படியேறுறதுக்கு முன்னாலயே உங்க ஆச்சி எல்லாத்தையும் சொல்லிட்டா. "அவனுக்கு ஒண்ணும் ஏறாது, மண்டை பூராக் களிமண்ணு"ன்னு போன்ல சொன்னியாம்ல. களிமண்ணுல என்ன தாயி குறை கண்டே? நம்ம கரிசலே களிமண்ணுதான். ஒரு மழை நல்லாப் பேஞ்சா அடுத்த மழை வர்ற வரைக்கும் ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். பருத்தியும் உளுந்தும் அதை நம்பித்தான் நிக்குது. மணல் மண்டைதான் ஆபத்து. ஊத்த ஊத்த இறங்கிப் போயிரும், பரீட்சைக்கு மறுநாள் ஒரு சொட்டு மிஞ்சாது. அதனால அந்தப் பயலை நீ வைஞ்சதா நான் எடுத்துக்கல. புகழ்ந்திருக்கே, சந்தோசம்.

சரி, நல்ல டீச்சர்னு பேரெடுக்க வழி சொல்றேன், கேட்டுக்கோ. நான் மூணாப்பைத் தாண்டாதவன்தான். ஆனா அறுபது வருசத்துக்கு மேல பள்ளிக்கூடத்துச் சுவரோரமாவே ஆடு பத்திக்கிட்டுப் போனவன். உள்ள நடக்குறதுல பாதி எனக்கு மனப்பாடம்.

மொதல்ல, பிள்ளைகளைப் பாக்காதே. பாத்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி தெரியும், வேலை கூடிப் போகும். முன்வரிசையில பளிச்சுன்னு பவுடர் போட்டுக்கிட்டு மூணு பிள்ளைக உக்காந்திருக்கும்ல, அதுகளை மட்டும் பாத்துப் பாடம் நடத்து. கேள்வியும் அதுககிட்டயே கேளு. டக்கு டக்குன்னு பதில் வரும், உனக்கும் பாடம் நல்லாப் போற மாதிரி இருக்கும். கடைசி வரிசையில இருக்கிறவன் கூரையில பல்லி பாத்துக்கிட்டு இருப்பான். பாக்கட்டும், பல்லியும் ஒரு உயிர்தானே.

பாடம் முடிஞ்சதும் மறக்காம, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?"ன்னு கேட்டுரு. அதுல என்னா சுகம் பாரு. அத்தனையும் ஒரே ராகத்துல, "புரிஞ்ச்சுதூ டீச்ச்சர்"னு இழுக்கும். நான் வேலிக்கு வெளிய நின்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன். நானுங்கூடச் சாயங்காலம் தொழுவத்துல நின்னு, "எல்லாரும் தண்ணி குடிச்சாச்சா?"ன்னு என் ஆடுககிட்ட கேப்பேன். எல்லாம் சேந்து "மே"ங்கும். அதை நம்பிக் கட்டையைச் சாத்திட்டுப் போனவன் எவனும் ரெண்டு கோடை ஆடு வச்சிருந்தது கிடையாது.

சிரிக்கிறியா? சிரி. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லு பாப்போம். உங்க பாடப் புத்தகத்துல வால் நீளம், கொம்பு வளைவு, ரோமம்னு போட்டிருக்கும். அதில்ல. செம்மறி தலையைக் கவுந்து முன்னால போறதோட பின்னங்காலைப் பாத்துக்கிட்டே நடக்கும். ஒண்ணைத் திருப்புனா நூறு திரும்பும். வேம்பூர்ப் பொட்டாடு வச்சிருக்கிறவனுக்கு ஒரு கம்பு போதும். நம்ம வீட்டுக் கன்னியாடு அப்படியா? நாப்பது உருப்படி இருந்தா நாப்பது திசை. ஒண்ணு பின்னங்கால்ல எம்பி நின்னு கருவேலங்கொழுந்தைத் தேடும், ஒண்ணு பாறை இடுக்குல பூண்டு பொறுக்கும், ஒண்ணு அடுத்தவன் புஞ்சையில நின்னுக்கிட்டு என்னையே பாக்கும். உங்க டிரெயினிங்ல செம்மறி மேய்க்கப் படிச்சுட்டு வந்திருக்கே தாயி. அரசாங்கம் உனக்கு வெள்ளாட்டைப் பத்தி விட்டிருக்கு. தப்பு ஆட்டு மேல இல்ல.

ஆடுன்னதும்தான் எனக்கு ஒரு பழைய கோபம் ஞாபகம் வருது. நீ டெட் பரீட்சைக்கு இதே திண்ணையில ராவும் பகலும் உருப்போட்டியே, 150 கேள்வின்னு. நீ படிச்சது பாதி, நான் கேட்டது முழுசு. பாயைப் போட்டுக் கண்ணை மூடிக் கிடந்தா தாத்தா தூங்குறாருன்னு நெனைச்சே. நன்னூல்னு ஒண்ணு வந்துச்சு. பவணந்தி முனிவர் பதிமூணாம் நூற்றாண்டுல எழுதுனதுன்னே. அதுல பிள்ளைகளைத் தரம் பிரிச்சிருக்காரு. அன்னமும் பசுவும் ஒசத்தி. மண்ணும் கிளியும் நடுத்தரம். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை நாலும் கடைசி. கேட்டதும் எந்திரிச்சு உக்காந்துட்டேன். என்னைக் கேக்காம என் ஆட்டைக் கடைசியில போட்டிருக்காரே! ஒரு செடியில நின்னு வயித்தை நிரப்பாம அங்கொரு வாய் இங்கொரு வாய் மேயுதாம், அதான் குத்தம். அப்படி மேயுறதாலதான் மாடு மெலியுற பஞ்சத்துலயும் ஆடு குட்டி போடுது. ஒரே செடியை மொட்டையடிக்காம நகந்து போறதால அடுத்த மாசம் அந்தச் செடி திரும்பவும் தழைக்குது. முனிவர் பெரிய மனுசர், இலக்கணத்துல நான் வாய் திறக்க மாட்டேன். ஆட்டு விசயத்துல அவரு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆனா அதே நூல்ல இன்னொரு பட்டியல் இருக்குன்னு நீ படிச்சப்ப என் கோபம் பாதி ஆறிப்போச்சு. வாத்தியாராக லாயக்கில்லாத ஆளு யாருன்னு அவரு அதுலயும் நாலு உவமை வச்சிருக்காரு. கழங்கு போட்ட குடம், மடல் கழிக்காத பனை, பருத்தி அடைச்ச குண்டிகை, வளைஞ்ச தென்னை. பிள்ளைகளைப் பத்துன பட்டியல் எல்லா வாத்திமாருக்கும் மனப்பாடம். எருமை, ஓட்டைப்பானைன்னு வகுப்புல வாய் மணக்கச் சொல்லுவாங்க. இந்த நாலு மட்டும் ஏனோ ஒருத்தர் வாயிலயும் வர மாட்டேங்குது. உனக்கு அது ஒரு மார்க்குக் கேள்வியா வந்துச்சு, எழுதுனே, மறந்துட்டே.

நம்ம தெக்குக்காட்டுல ஒத்தப்பனை நிக்குதே, பாத்திருக்கியா? உச்சியில கொலை கொலையா நுங்கு. ஆனா மட்டை கழிக்காம விட்டதுல அடிமரம் பூராக் கருக்கு. கை வச்சா கிழிச்சிரும். ஏறத் தெரிஞ்சவனே பக்கத்துல போறதில்ல. நுங்கு பழுத்து, பழம் தானா விழுந்து, பன்னிதான் திங்குது. நீ நிறையப் படிச்சவ தாயி, மேல நுங்கு இருக்கு, எனக்குத் தெரியும். ஒண்ணாப்புப் பிள்ளை, "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்"னு கேக்கவே மூணு தடவை யோசிக்குதாமே. அது எப்படி, "டீச்சர், எனக்கு இது விளங்கல"ன்னு வந்து நிக்கும்?

எனக்கு ஒரு வாத்தியார் இருந்தாரு. பேரு வேண்டாம், அவரு பேரன் பேத்தியெல்லாம் இப்ப நல்லா இருக்காங்க. காமராசர் 1956-ல இதே எட்டயபுரத்துல மத்தியானச் சாப்பாட்டைத் தொடங்கி வச்ச காலம். சோறு கிடைக்கும்னுதான் எங்காத்தா என்னைக் கொண்டு போய்த் தள்ளுனா. எனக்குப் பிறவியிலயே இடது கைதான் வரும். கல்லெறிஞ்சாலும் இடது, கம்பு சுத்துனாலும் இடது. சிலேட்டுக் குச்சியை இடது கையில எடுத்தேன். பிரம்பு விழுந்துச்சு. வலது கைக்கு மாத்துனேன், 'அ' கோழி கிண்டுன மாதிரி வந்துச்சு. கோழிக்கிண்டலுக்கும் பிரம்பு விழுந்துச்சு. எந்தக் கையில எழுதுனா அடி விழாதுன்னு யோசிச்சேன். எழுதாம இருந்தா விழாதுன்னு கண்டுபிடிச்சேன். அப்பவே எனக்கு அறிவு ஜாஸ்தி. சோறு மட்டும் வலது கையில ஒழுங்கா உருட்டித் தின்னேன், அதை யாரும் அடிச்சுச் சொல்லித் தரல. மூணாப்பு முடியுறதுக்குள்ள பையைத் தூக்கிப் போட்டுட்டு ஆட்டுக்குப் போயிட்டேன். சோறு போட்டும் ஒரு பயலைப் பள்ளிக்கூடத்துல இருந்து விரட்ட முடியும்னு காட்டுன வாத்தியார் அவரு. கெட்டவரும் இல்ல தாயி. எல்லாப் பிள்ளையும் ஒரே கையால எழுதணும், ஒரே சீராப் போகணும்னு ஆசைப்பட்டாரு, அம்புட்டுதான். இன்னைக்கும் அம்பது அடியில ஓடுற ஓணானை இடது கையால அடிப்பேன். அதுக்கு யாரு சர்ட்டிபிகேட்டு தர்றா?

குடற்புழு மருந்து ஊத்த டாக்டர் வர்றப்ப பாத்திருக்கேல்ல. ஆட்டைத் தூக்கி எடை பாத்துத்தான் அளவு சொல்லுவாரு. கிடாவுக்கு ஊத்துற அளவைக் குட்டிக்கு ஊத்துனா தாங்காது. குட்டிக்கு உள்ள அளவைக் கிடாவுக்கு ஊத்துனா பூச்சி சாகாது. பத்து ரூவா மருந்துக்கே இம்புட்டுக் கணக்கு. பாடத்தை மட்டும் நீங்க குடத்தோட கவுக்குறீங்க.

இதெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரியாமலா இருக்கு? 2007-ல செயல்வழிக் கற்றல்னு தமிழ்நாடு பூராவும் கொண்டு வந்தாங்களே, நீயே அதுல படிச்சவதான். அப்ப நீ ரெண்டாப்பு. அதுக்கு முன்னாலயே மெட்ராஸ் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடங்கள்ல நடத்திப் பாத்திருக்காங்க. ஆந்திராவுல ரிஷிவேலிப் பள்ளிக்கூடத்துல செஞ்சதைப் பாத்து எடுத்ததுன்னு அப்ப இருந்த டீச்சர் சொல்லுவாங்க. பெஞ்சைத் தூக்கிட்டுப் பாயைப் போட்டாங்க. சுவத்துல உங்க உசரத்துக்குக் கருப்பட்டை அடிச்சு, ஆளுக்கு ஒரு கட்டம். ஏணிப்படி போட்ட தாள் தொங்கும். யாரு எந்தப் படியில நிக்கிறாங்களோ அந்தப் படிக்கு உள்ள அட்டையை எடுத்துக்கிடணும். ஒரே வயசுப் பிள்ளைகதான், ஆனா நீ பதினேழாம் படி, உன் கூட்டுக்காரி ஒம்பதாம் படி. யாரும் யாரையும் கேலி பண்ணல. நான் சன்னல்ல எட்டிப் பாத்து அசந்துட்டேன். அடேயப்பா, வெள்ளாட்டுக்குன்னே ஒரு பள்ளிக்கூடம் கட்டிட்டாங்கன்னு.

அப்புறம் என்ன ஆச்சு? அட்டை கிழிஞ்சது, சிலது தொலைஞ்சது. அட்டையை எடுத்துக் கொடுக்குறதே பாடம்னு சில டீச்சருக நாற்காலியில சாஞ்சுட்டாங்க. பிள்ளை தானாப் படிக்கும்னா டீச்சர் சும்மா இருக்கலாம்னு அர்த்தம் பண்ணிக்கிட்டாங்க. குட்டி தானா மேயும்தான் தாயி, அதுக்காக மேய்க்கிறவன் வீட்ல படுத்துக்கிட முடியுமா?

இப்ப 2022-ல இருந்து எண்ணும் எழுத்தும். அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை. பேரு அழகாத்தான் வச்சிருக்காங்க. பூக்கடை மாதிரி மணக்குது. ஆனா உன் வகுப்புல எந்தப் பிள்ளையையாவது கூப்பிட்டு, "அரும்புன்னா என்னடா?"ன்னு கேட்டுப் பாரு. "படிக்காதவன் டீச்சர்"ங்கும். பேரு மாத்துனா பிள்ளைக்குத் தெரியாமப் போயிருமா? அரும்புல உக்கார வச்ச பிள்ளையை ஆனியில இருந்து பங்குனி வரைக்கும் அதே பாயில உக்கார வச்சா, அரும்பு அரும்பாவே வாடி உதுந்துரும். தமிழ்ல அரும்பா இருக்கிறவன் கணக்குல மலரா இருக்க மாட்டானா? வாசிக்கத் திணறுறவன் அச்சு அசலா ஒரு படம் போடுறான்னு நீதானே அன்னைக்குச் சொன்னே. பாயை மாத்து தாயி. பாயைப் பிள்ளையோட முதுகுல தைக்காதே.

ஒண்ணாப்புல ஒரு சின்னப்பிள்ளை இருக்கே, எப்பவும் மூக்கொழுக, அது கதை தெரியுமா? நீ ஆட்டுப் படத்தைக் காட்டி, "இது என்ன?"ன்னு கேட்டே. அது "மேக"ன்னு சொல்லுச்சு. "மேகம் மேல இருக்கும்டி, இது ஆடு"ன்னு நீ சொன்னே. வகுப்பே சிரிச்சுச்சு. நீ அதைக் கூறு கெட்டதுன்னு நெனைச்சுட்டே. அது வீட்ல தெலுங்கு பேசுதுக தாயி. நம்ம கரிசக்காட்டுல பாதி ஊர்ல அடுப்படியில தெலுங்குதான். தெலுங்குல 'மேக'ன்னா ஆடு. "ஆடு"ன்னா அந்த ஊட்டுல "விளையாடு"ன்னு அர்த்தம். படத்தைக் காட்டி ஆடுங்கிறியே, எதுக்கு விளையாடச் சொல்றேன்னு அது முழிச்சிருக்கு. ஒரு வார்த்தைக்குச் சரியாப் பதில் சொன்ன பிள்ளை, உன் வகுப்புல கூறு கெட்டதாயிருச்சு. இனிமே, "உங்க வீட்ல இதை என்ன சொல்லுவீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளு. காசா பணமா?

'வாளப்பளம்'னு எழுதுறவனுக்கு ரெண்டு சிவப்புச் சுழி போடுறியாம்ல. அவன் காதுல விழுந்ததை ஒழுங்கா எழுதியிருக்கான். இந்தச் சீமையில யாரு வாயில ழகரம் வருது? போன தடவை வந்தப்ப நீயே ஆச்சிகிட்ட, "வாளப்பளம் இருக்கா?"ன்னுதானே கேட்டே. உன் நாக்குக்குச் சுழி போட யாரும் இல்ல, நீ பொழைச்சுக்கிட்டே. வாய்க்கு மொதல்ல பழக்கிட்டுக் கைகிட்ட கேளு.

தெரியும் தாயி, தெரியும். கோவிச்சுக்கிடாதே. ஈராசிரியர் பள்ளிக்கூடம். அஞ்சு வகுப்புக்கு ரெண்டு பேரு. பெரிய சார் மீட்டிங்னு போயிட்டா அஞ்சும் உன் தலையில. முப்பது பிள்ளைக்கு ஒரு டீச்சர்னு சட்டம் சொல்லுது. முப்பதும் ஒரே வகுப்பா இருக்கணும்னு சட்டத்துல யாரும் எழுதலையே! போதாதுக்கு அந்த எமிஸு. வருகையை அதுல போடு, மதிப்பெண்ணை அதுல ஏத்துன்னு போனைத் தூக்கிக்கிட்டு டவர் கிடைக்கிற இடம் தேடி வாகை மரத்தடியில நீ நிக்கிறதை நான் ரோட்டுல இருந்து பாத்தேன். "டீச்சருக்கு யாரு போன் பண்றா?"ன்னு ஊர்ல ஒருத்தன் கேட்டான். "அரசாங்கம்தான், ரொம்ப நாளா விடாமப் பேசிக்கிட்டு இருக்கு"ன்னேன்.

அதனால எல்லாப் பிள்ளையையும் தினமும் தனித்தனியாப் பாருன்னு நான் சொல்லல. அப்படிச் சொல்றவன் மேய்க்காதவன். நான் என்ன செய்வேன்? சாயங்காலம் பட்டியில அடைக்கிறப்ப ரெண்டே ரெண்டு ஆட்டைத்தான் பிடிப்பேன். குளம்பைத் தூக்கிப் பாப்பேன், கண்ணு ரெப்பையை விரிச்சு வெளுத்திருக்கான்னு பாப்பேன், மடியைத் தொட்டுப் பாப்பேன். மறுநாள் வேற ரெண்டு. நாப்பது உருப்படின்னா இருபது நாள்ல ஒரு சுத்து. உனக்கு ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் இருபத்திரெண்டு பிள்ளைக. பதினோரு நாள்ல முடிஞ்சுது. மத்ததுக எழுதிக்கிட்டு இருக்கிறப்ப ஒரு பிள்ளையைப் பக்கத்துல உக்கார வச்சு வாசிக்கச் சொல்லு. நீ வாயை மூடிக்கிட்டு இரு, அதுதான் உனக்குக் கஷ்டம். எந்த எழுத்துக்கிட்ட நின்னு மூச்சு வாங்குதுன்னு பாரு. ஒரு நோட்டுல ஒரு வரி எழுதிக்கோ. அதை எமிஸ்ல ஏத்தாதே. அது உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் உள்ள சமாச்சாரம்.

அப்படிப் பாத்துத்தான் என் ஆடு மச்சக்காரிக்கு ஒரு கண்ணு தெரியலைங்கிறதே எனக்குத் தெரிஞ்சுது. ரெண்டு வருசமா அதை மந்த ஆடுன்னு வைஞ்சுக்கிட்டு இருந்தேன். எப்பப் பாத்தாலும் இடது பக்கமாவே ஒதுங்கிப் போய் முள்ளுல மாட்டும். கண்ணுக்கு முன்னால கையை ஆட்டிப் பாத்தேன், ரெப்பை அசையல. அன்னைக்கு இருந்து நான் அதோட இடது பக்கம் நடக்குறேன். அம்புட்டுதான் வைத்தியம். அடுத்தவ நோட்டைப் பாத்தே எழுதுறான்னு ஒருத்தியைச் சொன்னியே, கரும்பலகை அவ கண்ணுக்குத் தெரியுதான்னு என்னைக்காவது கேட்டியா? முன்னால கொண்டாந்து உக்கார வச்சுப் பாரு. காப்பியடிக்கிறவளுக்குக் கண்ணாடிதான் மருந்தோ என்னமோ.

அப்புறம் ஒரு ரஷ்யாக்காரரு பேரு உருப்போட்டியே, வைகாட்ஸ்கியோ என்னமோ. எனக்குப் பல்லு ரெண்டு போனதுல அந்தப் பேரு நிக்க மாட்டேங்குது. முப்பத்தேழு வயசுலயே செத்துட்டாரு, பாவம். அவரு சொன்னது மட்டும் நெஞ்சுல நின்னுச்சு. பிள்ளை தனியாச் செய்யுறது ஒண்ணு. ஆள் கை கொடுத்தா செய்யுறது இன்னொண்ணு. அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் சொல்லிக் கொடுக்குற வேலையே இருக்குதுன்னாரு. சரியாப் போச்சு. குட்டி தாண்டுற வரப்புல நான் நிக்க வேண்டியதில்ல. ஆடே தாண்டாத சுவத்துக்கிட்ட குட்டியைத் தூக்கிட்டுப் போக வேண்டியதில்ல. முன்னங்காலை மட்டும் வச்சுட்டுக் கத்துது பாரு, அந்த வரப்புல போய் நின்னு பின்னால லேசா ஒரு தள்ளு. ஜாஸ்தி தள்ளுனா மூக்குல அடிபடும்.

ஆச்சி, அந்தச் செம்பை இப்படிக் கொடு.

இப்ப உன் மூணாப்புப் பயகிட்ட வருவோம். நோட்டைக் காட்டு. 52-ல 17 போனா 45-ன்னு போட்டிருக்கான். நீ பெருக்கல் குறியாட்டம் பெரிசாத் தப்புப் போட்டு, பக்கத்துல சரியான விடை 35-ன்னு எழுதிட்டே. அதை அவன் பத்துத் தடவை எழுதியும் வந்துட்டான். கையெழுத்து நல்லா இருக்கு. மறுபக்கத்தைத் திருப்பு. 63-ல 28 போனா 45. 41-ல 16 போனா 35. பாத்தியா, திருடன் ஒரே வழியிலதான் வர்றான்! ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ஒண்ணு போனா நாலு. எந்த இடத்துலயும் பெரிசுல இருந்து சின்னதைத்தான் கழிச்சிருக்கான். மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்னன்னு விட்டுட்டான். இது மந்தம் இல்ல தாயி, இது சட்டம். அந்தச் சட்டத்தை யாரு போட்டது? போன வருசம், "சின்னதுல இருந்து பெரிசைக் கழிக்க முடியாது, பெரிசுல இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்"னு பாட்டாப் பாடுனது யாரு? வேலிக்கு வெளிய எனக்கே கேட்டுச்சே! டீச்சர் பேச்சைத் தட்டாத பிள்ளைன்னு அவனுக்குத்தான் நீ பரிசு கொடுக்கணும்.

இன்னைக்குச் சந்தையில அவனைப் பாத்தேன். அவங்க ஆத்தா அவிச்ச கடலை விக்கிறா, இவன்தான் சில்லறை. பொட்டலம் பதினஞ்சு ரூவா. நான் வேணும்னே அம்பது ரூவா நோட்டை நீட்டுனேன். பய பேனாவைத் தேடுனானா, விரலை விட்டானா? ஒரு அஞ்சு ரூவாக் காசை என் உள்ளங்கையில வச்சு, "இருபது"ன்னான். மூணு பத்து ரூவாயை எண்ணி எண்ணி வச்சு, "முப்பது, நாப்பது, அம்பது"ன்னான். அப்படியே முன்னால ஏறிப் போறான், உங்களை மாதிரிப் பின்னால இறங்கல. பின்னாலயே ஒருத்தரு இருபது ரூவா நோட்டைக் கொடுத்து மீதி அஞ்சு ரூவா கேட்டாரு. "பத்தை மாத்தாம எப்படிண்ணே அஞ்சு தர்றது?"ன்னு பக்கத்துக் கடைக்கு ஓடுனான். நீ மூணு மாசமா, "பக்கத்துல கடன் வாங்கு, பக்கத்துல கடன் வாங்கு"ன்னு கத்துறியே, அதைத்தான் அந்தப் பய அங்க ஓடி ஓடிச் செய்யுறான். அவனுக்குக் கடன் தெரியும். 52-ல இருக்கிற 5, அஞ்சு பத்து ரூவா நோட்டுன்னு அவன்கிட்ட யாரும் சொல்லல. அவனுக்கு அது வெறும் அஞ்சு.

அதுக்காக ரூவா நோட்டைத் தூக்கிக்கிட்டு எல்லாப் பிள்ளைகிட்டயும் போகாதே. கடைப்பக்கமே போகாத பிள்ளைக்கு ரூவாயும் ஒரு படம்தான். அதுக்கு வேற வழி தேடணும். இவனுக்கு மொதல்ல ரூவா. அப்புறம் ஈர்க்குச்சி. பத்துப் பத்தா நூல் போட்டு அஞ்சு கட்டு, உதிரியா ரெண்டு. "பதினேழை எடுடா"ன்னு சொல்லிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நில்லு. ஏழு வேணும், ரெண்டுதான் இருக்கு. என்ன செய்யுறதுன்னு உன் முகத்தைப் பாப்பான். நீ கூரையில பல்லியைப் பாரு. ஒரு கட்டை அவனா அவுக்கட்டும். அவுத்துட்டான்னா, அவன் அவுத்ததை அப்படியே நோட்டுல எழுதக் காட்டு. திங்கக்கிழமையே வந்துரும்னு நெனைக்காதே. கையில 35 எடுத்துட்டு, நோட்டுல 45-ன்னு எழுதுவான் பாரு, அப்ப உனக்கு அழுகை வரும். வரட்டும். மறுநாள் திரும்பவும் கட்டைக் கொடு.

என்ன, இப்பவே எந்திரிச்சுட்டே? அம்பத்திரெண்டு ஈர்க்கு வேணுமா? கடையில கேட்டா டீச்சருக்குக் கிறுக்குன்னுவான். மூலையில ஆச்சி புதுசாக் கட்டி வச்ச வாரியல் சாஞ்சிருக்கு. சத்தம் போடாம உருவு. ஒரே பக்கமா உருவாதே, வழுக்கை தெரியும். உள்ளுக்குள்ள இருந்து எடு.

வர்றாளா? வரட்டும். அந்தா, விக்காத கிடா சும்மாத்தானே நிக்குது. அது தின்னுருச்சுன்னு சொல்லிருவோம்.